யூலியா போட்ட புள்ளடி

ஆஹென் நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்த வங்கிக் கிளையில் தமிழ் தெரிந்தவள் யூலியா ஒருத்திதான். மூன்று வயதில் தாயின் இடுப்பில் இருந்தபடி ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவள். இந்த நாட்டிலேயே படித்து, ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியும் முடித்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சொந்த மேசை பிடித்துவிட்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பகுதித் தமிழர் பலர் தங்கள் கணக்குகளை அங்கே மாற்றிக்கொண்டார்கள். படிவத்தை வாசிக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. "எங்கை பிள்ளை கையெழுத்து?" என்று கேட்பார்கள். அவள் விரல் காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள்.

2008ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிளோறன்ஸ் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதுக்காரி. ஹோட்டல்களுக்குத் துணி தோய்க்கும் சலவை ஆலையில் வேலை செய்தவள். தேவாலயத்தில் மாதத்தில் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் யூலியா அவளைப் பார்ப்பதுண்டு. அன்று வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"வாசி."

யூலியா வாசித்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவளே பிளோறன்சுக்கு ஒரு கடனட்டை எடுத்துக் கொடுத்திருந்தாள். அட்டையோடு ஒரு காப்புறுதியும் சேர்த்து விற்றிருந்தாள். வேலை போனால், உடம்புக்கு முடியாமல் போனால், அட்டைக் கடனின் மாதத் தவணையைக் காப்புறுதி கட்டும். அதற்காக மாதாமாதம் ஒரு தொகை பிளோறன்சின் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. மார்கழியோடு சலவை ஆலை அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவள் காப்புறுதியைக் கேட்டாள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போகிறவர்களுக்கு இந்தக் காப்புறுதி பொருந்தாதாம். அது போதாதென்று, தனக்கு நிரந்தர வேலை என்று பிளோறன்சே பொய்யாக எழுதிக் கொடுத்திருக்கிறாளாம்.

சாட்சிக்குப் பழைய படிவத்தின் பிரதியை இணைத்திருந்தார்கள். 'எனது வேலை நிரந்தரமானது' என்ற வரிக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. வலது கால் நீண்டு, பெட்டியை விட்டு வெளியே ஓடிய புள்ளடி. அந்தக் கையை யூலியாவுக்குத் தெரியும். அவளுடைய கை அது.

"நான் பொய் எழுதினனாமெண்டு போட்டிருக்கிறாங்கள்," என்றாள் பிளோறன்ஸ். "எனக்கு வருஷத்துக்கு வருஷம் புதுசாத்தான் ஒப்பந்தம் தந்தவை. நீ கேட்டனியே?"

"இல்லை அன்ரி."

"இது எடுக்காட்டி காட் வராது எண்டு சொன்னனியோ இல்லையோ?"

யூலியாவுக்கு அந்தப் பின்னேரம் நன்றாக நினைவிருந்தது. மாதக் கடைசி. கோப்பி அறைச் சுவரில் யார் எத்தனை காப்புறுதி விற்றார்கள் என்ற பட்டியல் தொங்கியது. அவளுக்கு ஒன்று குறைந்தது. 'இதுவும் சேர்த்துத்தான் அன்ரி, எல்லாருக்கும் இப்பிடித்தான்' என்று சொல்லி, பெட்டிகளையெல்லாம் தானே நிரப்பிப் பேனையை நீட்டினாள். அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை.

"உன்னை நம்பித்தான் கையெழுத்து வைச்சனான்," என்று சொல்லிவிட்டு பிளோறன்ஸ் எழுந்து போனாள். சத்தம் போட்டிருந்தால் யூலியாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கிளை மேலாளர் லின்ட்னர் படிவத்தை ஒரு பார்வை பார்த்தார். "கீழே கையெழுத்து இருக்கிறது. வாசித்துவிட்டுத்தான் போட்டார் என்று அர்த்தம்."

"புள்ளடி போட்டது நான். நான் அவரிடம் கேட்கவேயில்லை."

லின்ட்னர் எழுந்து கதவைச் சாத்தினார். "அதை இந்த அறைக்குள் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. எழுத்தில் கொடுத்தால் அது உங்கள் தலையில்தான் வந்து விழும், யூலியா. நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

அந்தக் கிழமை முழுவதும் வாடிக்கையாளர் எவர் வந்தாலும் கையெழுத்துப் போடும் அவர்களுடைய கையைத்தான் பார்த்தாள். சனிக்கிழமை பஸ் ஏறி பிளோறன்ஸ் வீட்டுக்குப் போனாள். பிளோறன்ஸ் கதவைத் திறந்தாள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா," என்றாள்.

குசினி மேசையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, வங்கியிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டாள். யூலியா அவற்றைத் திகதிப்படி அடுக்கினாள். இருவரும் சேர்ந்து தலைமை அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினார்கள். காப்புறுதி கட்டாயம் என்று சொல்லப்பட்டது, வேலை பற்றி எதுவும் கேட்கப்படவில்லை, கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தரவேண்டும். அதன் பிறகு யூலியா இன்னொரு தாளை எடுத்துத் தன் பெயரில் எழுதத் தொடங்கினாள்.

"அது என்ன?"

"புள்ளடி போட்டது நானெண்டு எழுதிறன். இது இல்லாட்டி உங்களை நம்பமாட்டினம்."

பிளோறன்ஸ் தாளின்மேல் கையை வைத்து மறித்தாள். "உன்ர வேலை போகாதே?"

"தெரியாது அன்ரி."

"அப்ப விடு. எனக்கு வேலை இல்லாதது காணும். உனக்கும் இல்லாமல் போகவேண்டாம்."

"நீங்கள் பொய்க்காரி எண்டு ஒரு பைலிலை கிடக்கிறியள். அதை என்னாலை விட ஏலாது. கையை எடுங்கோ."

பிளோறன்ஸ் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்தின் பேரில் பாதிப் பணம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். யூலியா தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டினாள். வாடகை பிந்திக்கொண்டிருந்த நேரம், பிளோறன்ஸ் ஓம் என்பாள் என்றுதான் நினைத்தாள்.

"பாதிப் பிழைதான் விட்டவையாமோ?" என்றாள் பிளோறன்ஸ். "வேண்டாமெண்டு எழுது."

எழுதினார்கள். இந்தமுறை வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவருக்கும் எல்லாக் கடிதங்களின் பிரதிகளும் போயின. இதற்கிடையில் யூலியாவைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பட்டியல் யார் போட்டது, யார் இப்படி விற்கச் சொன்னது என்று கேட்டார்கள். அவள் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிடைத்தது எழுத்து மூலமான எச்சரிக்கை ஒன்று மட்டும். அதைக் கையில் வாங்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கிழமையே கோப்பி அறைச் சுவர் வெறுமையாகிவிட்டது. லின்ட்னர் பல மாதம் அவளோடு தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஆனி மாதம் பிளோறன்சின் கணக்குக்கு முழுப் பணமும் வட்டியோடு வந்தது. தவணை பிந்தியதற்குப் போட்ட தண்டப்பணத்தையும் நீக்கிவிட்டார்கள். ஆனால் அவள் யூலியாவை அழைத்துச் சொன்னது வேறு.

"காப்புறுதிக்காரர் கடிதம் போட்டிருக்கினம். பிழையான தகவல் வாடிக்கையாளர் தந்தது இல்லையாம். அந்த வரியை மூண்டு தரம் வாசிச்சிட்டன். பிறகு, திங்கக்கிழமை தொடங்கி ஆஸ்பத்திரிக் குசினியிலை வேலை. நிரந்தரம். ஒப்பந்தத்தை நானே வாசிச்சுப் பாத்தனான், முழுசா."

யூலியாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிளோறன்சைப்போல இன்னும் பதினொரு பேர் அவளிடம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் எல்லாரும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்றாள். 

"என்னட்டைக் கடனட்டை எடுத்த ஆக்கள் கொஞ்சம் நில்லுங்கோ. அதோடை ஒரு காப்புறுதியும் வித்தனான். கட்டாயமெண்டு சொன்னனான். அது பொய்."

 லொறி ஓட்டும் சூசைதாசன் கையிலிருந்த பேப்பர் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப எங்களை ஏமாத்தினனீ?"

"ஓம் அங்கிள்."

 யாரோ ஒருவர் 'சீ' என்றது கேட்டது. அதற்குள் பிளோறன்ஸ் ஒரு மேசையை இழுத்துப் போட்டுத் தன் முறைப்பாட்டின் பிரதியை அதன்மேல் விரித்தாள்.

"ஏசுறதைப் பிறகு ஏசுங்கோ அண்ணை," என்றாள். "இப்ப இதைப் பாத்து எழுதுங்கோ. எனக்கு முழுக்காசும் வந்தது."

சூசைதாசன் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தடவிப் பேனையை எடுத்தார். யூலியா எழுதித் தரக் கை நீட்டியபோது தலையை ஆட்டி மறுத்தார்.

"நீ சொல்லு, நான் எழுதிறன்."

அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வந்து நின்றார்கள்.