பாலில் நனையாத கை

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. மற்ற கதைகளுக்கு நான் சொல்லிக்கொள்ளும் பெரிய காரணங்கள் எதுவும் இதற்கு இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் என் மனைவி பசுமைக்குடிலிலிருந்து ஒரு தக்காளி இலையைப் பையில் கட்டிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "தேமல் நோய்" என்றாள். நான் இந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். வேறு எங்கே ஓடுவது?

முதல் தொடக்கம்: "அந்தக் குடிலில் அறுபது ரகத் தக்காளிகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு—"

(ஒரு என்ன? உவமை தேடுகிறவனுக்கு உண்மை சொல்லும் உத்தேசம் இல்லை. அடித்துவிட்டேன்.)

2

விஷயத்துக்கு வருகிறேன். ரகத்தோடு ரகம் சேர்த்து வளர்த்து, ருசி பார்த்து, தேறியதற்கு விதை எடுப்பது என் மனைவியின் வேலை. எண் மட்டும் எழுதிய தட்டுகளில் துண்டுகளை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள். இரண்டு துண்டுக்கு நடுவே ஒரு வாய் வெந்நீர், ஒரு கடி காய்ந்த ரொட்டி.

நாற்பத்தொன்றாம் எண் ரகம் அவளுடைய ஏழு வருஷ உழைப்பு. மொத்தம் பன்னிரண்டு செடி. மேஜைக்கு வந்த இலை அதில் ஒன்றுடையது. விதை எடுக்கப் போவது இந்த வருஷம்தான். போன முறை எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். புளித்தது. முகத்தைச் சுளித்தேன். "இருங்க, முழுங்குங்க. இப்ப வரும் பாருங்க" என்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது. விழுங்கிய பிறகு மெல்ல ஏறும் ஓர் இனிப்பு.

குடில் வாசலில் ஒரு பேசின் நிறையப் பால் இருக்கும். அதில் கை நனைக்காமல் யாரும் செடியைத் தொடக் கூடாது. சிகரெட் பிடித்த விரலில் புகையிலையின் தேமல் நோய் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பக்கக் கொழுந்தைக் கிள்ளும்போது அந்தக் காயத்தின் வழியாகச் செடிக்குள் போய்விடும். பால் அதைத் தடுக்கும் என்பது அவர்கள் கணக்கு.

4

(மூன்று எங்கே என்று தேடாதீர்கள். எழுதிவிட்டேன். இழுப்பறையில் இருக்கிறது.)

கொழுந்து கிள்ளுகிறவரை எல்லாரும் மாமா என்றே கூப்பிடுகிறார்கள். பதினாலு வருஷமாக அங்கே வேலை. சிகரெட் பிடிப்பார், ஊருக்கே தெரியும்.

இவரை நான் முதலில் எப்படி எழுதினேன் தெரியுமா? அழுக்கு நகம், வறட்டு இருமல், நேராகப் பார்க்காத கண். ஓர் ஆளை மாட்டிவிட மூன்று வார்த்தை போதும். எழுதி முடித்ததும் எனக்கே என்னைக் கண்டு பயம் வந்தது. மாமாவின் நகம் சுத்தமாக வெட்டியிருக்கும்.

வியாழக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அம்மா, பால்ல கை வைக்காம ஒரு இலையத் தொட்டதில்ல நான். அந்த நாப்பத்தொண்ணு வரிசைய மூணு வாரம் முன்னாடி நான் கிள்ளவே இல்ல. நீங்க கிள்ளிட்டீங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"நானும் கிள்ளலையே மாமா. அப்ப என்ன, செடி தன்னைத்தானே கிள்ளிக்கிச்சா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க. நான் பொய் சொல்றவனா?"

"தண்ணி குடிங்க" என்றேன். முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினேன். தன்மேல் இரக்கம் என்று நினைத்திருப்பார்.

5

நேற்று, சனிக்கிழமை, ருசி பார்த்தாள். பன்னிரண்டில் ஒன்பது செடியை அதற்குள் பிடுங்கிப் பையில் கட்டியாகிவிட்டது. மிஞ்சிய மூன்றிலிருந்து ஒரு பழம். நான் பக்கத்தில் நின்றேன். கண்ணை மூடி மென்றாள், விழுங்கினாள், காத்திருந்தாள். இந்த முறை அவள் தொண்டையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வரல" என்றாள்.

ரொட்டி கடித்து, வெந்நீர் குடித்து, இன்னொரு துண்டு. "வரலங்க."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். "திங்கக்கிழமை மாமாகிட்ட, இனி வர வேண்டாம்னு சொல்லணும். செஞ்சதுகூடப் பரவால்ல. மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னாரு பாருங்க, அத என்னால தாங்க முடியல."

அதற்குப் பிறகு இந்தக் கதைக்கு இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில், நோய் விதையிலேயே இருந்தது, யார்மேலும் தப்பில்லை என்று பரிசோதனை முடிவு வருகிறது. என்ன சரளமாக வந்தது! மூன்று பக்கம், ஓர் அடித்தல்கூட இல்லை. அதனால்தான் கிழித்தேன். இன்னொன்றில் மாமா தானாகவே வேலையை விட்டுப் போய்விடுகிறார், வருஷங்கள் கழித்து நாங்கள் அவரைச் சந்திக்கும்போது அவர்—

(வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

3

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். காருக்குப் பின்னால் நின்று ஒரு சிகரெட் பிடித்தேன். ஆம், விட்டுவிட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன்தான். உள்ளே போனேன். ஆபீஸ் அறையில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசினைப் பார்த்தேன். விரல் வாசனையைப் பால் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று ஒரு கிறுக்குப் பயம். நனைக்கவில்லை. அவளுக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டும் என்று நாற்பத்தொன்றாம் எண் வரிசையில் பன்னிரண்டு செடிக்கும் பக்கக் கொழுந்து கிள்ளினேன். சொன்னால் கிட்டே வந்து கையை முகர்வாள் என்று சொல்லவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், கிள்ளி முடித்த பிறகு.

6

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கதவைத் தட்டுகிறாள்.

"அஞ்சு நாளா என்னதான் எழுதுறீங்க? முடிஞ்சுதா? குடுங்க, படிக்கிறேன்."

அவள் படிக்காமல் என் கதை எதுவும் இந்த வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. பென்சிலோடுதான் வருவாள். இழுப்பறையைத் திறந்து மூன்றாம் பகுதியை எடுத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் வைக்கத் தைரியம் வராமல், ஐந்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அங்கே வருவதற்குள் உனக்குப் பாதி புரிந்திருக்கும்.

யாரோ வாசகரிடம்போலத் தேடாதீர்கள் என்று மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்ததெல்லாம் உன்னிடம்தான். நாளைக் காலை ஏழு மணிக்கு மாமா வருவார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும், என்னை என்ன செய்ய வேண்டும் என்பதை நீ எழுது. கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கிறேன்.

கதவைத் திறக்கப் போகிறேன். பயமாக இருக்கிறது.