முன்னூறு வீடுகளும் ஒரு முழ உயரமும்

விளக்கறைக்காரரின் வீடு தரையை விட்டு ஒரு முழம் எழும்பிய சனிக்கிழமை காலை, கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். வாசலை ஒட்டிய மர நாற்காலியில், சுரங்கத்தில் விளக்குக் கொடுத்து வாங்கும் விளக்கறைக்காரர். சன்னலோரப் பெஞ்சில் அவர் மனைவி. கட்டில் விளிம்பில் மனைவியின் தம்பி, நிலக்கரி வெட்டுகிறவன். தரையில் காலை நீட்டிக்கொண்டு, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் பக்கத்து வீட்டு லிஃப்ட்காரர். யாரும் விழவில்லை. தம்ளர்களில் இருந்த தேநீரும் சிந்தவில்லை.

முறையாகச் சொல்வதென்றால், கம்பெனி வந்து சுரங்கம் வெட்டிய பன்னிரண்டாம் ஆண்டே இது தொடங்கிவிட்டது. கீழேயிருந்து நிலக்கரி போகப் போக மேலே ஊர் லேசானது. பச்சைக் கதவு போட்ட முன்னூறு வீடுகள், ஓர் ஆஸ்பத்திரி, ஒரு சினிமாக் கொட்டகை, ஷிப்டு மாறும்போது வாசிக்க ஒரு பேண்டு கோஷ்டி என்று ஊர் கொழித்திருந்த காலம் அது. வீடுகள் முதலில் ஒரு நூல் எழும்பின, அப்புறம் ஒரு விரற்கடை. கம்பெனி இன்ஜினியர் வந்து குனிந்து அளந்துவிட்டு, வீட்டுக்கு ஆறு மூட்டை நிலக்கரி கொடுத்துக் கட்டிலுக்கடியில் வைக்கச் சொன்னார். வீடுகள் உட்கார்ந்தன. அதன்பின் விருந்தாளி வந்தால் ஒரு மூட்டையை வெளியே எடுத்து வைப்பது ஊர் வழக்கமாயிற்று. லிஃப்ட்காரரின் மாமியாருக்கு மட்டும் இரண்டு எடுத்தார்கள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்தப் பக்கமே வரவில்லை.

முப்பத்தொன்பதாம் ஆண்டில் நிலக்கரி தீர்ந்து வெறும் பாறை வந்தது. கொட்டகை மூடியது, பேண்டு கோஷ்டியில் பெரிய டிரம் மட்டும் மிஞ்சியது. இன்ஜினியர் காலமாகி வெகுநாள் ஆகியிருந்ததால், மூட்டைகள் எதற்கென்று தலைமை அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கிருந்து வந்த கடிதத்தில் இரண்டு உத்தரவுகள் இருந்தன. ஒன்று, வீடுகளில் பதுக்கிய கம்பெனி நிலக்கரியை ஒப்படைக்க வேண்டும். இரண்டு, கம்பெனி நிலத்தின்மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. முப்பதாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். ஊரில் பாதிப்பேருக்குப் போக்கிடம் கிடையாது. மூன்று பெண்களை அந்த வீட்டிலேயே பெற்றெடுத்த விளக்கறைக்காரரின் மனைவி, வேண்டுமானால் உங்கள் சட்டையை மூட்டை கட்டித் தருகிறேன், நான் நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

விளக்கறைக்காரர் முப்பது வருடம் விளக்குகளை எண் வரிசை மாறாமல் கொடுத்து வாங்கியவர். உத்தரவானாலும் வரிசைப்படிதான் என்றார். ஊரே அவர் சொல்படி முதலில் மூட்டைகளை ஒப்படைத்தது. கடைசி மூட்டை ஏறிய லாரி வளைவு திரும்பியதும், முன்னூறு வீடுகளும் எழும்பின.

தம்பி வாசலில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, அடியில கோழி போகுது."

"தலை முட்டுதா?"

"எங்க முட்டுறது? மகராசியா நடந்து போகுது."

அவன் அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப நாம கம்பெனி நிலத்து மேல இல்ல. ரெண்டாவதும் முடிஞ்சுதுன்னு எழுதுங்க."

"இப்படியே நிக்கிறதா?" என்றார் விளக்கறைக்காரர்.

"நின்னா என்ன?" என்றார் லிஃப்ட்காரர். "ஆயுசு பூரா ஆயிரம் அடி கீழ போயிட்டு வந்தோம். ஒரு முழம் மேல இருந்துட்டுப் போவோமே."

விளக்கறைக்காரர் தாளை எடுத்துத் தேதியிட்டு எழுதினார்: தங்கள் இரண்டு உத்தரவுகளும் வரிசைப்படி நிறைவேற்றப்பட்டன. நிலம் காலியாக உள்ளது. அலுவலர் எவரும் எந்நாளும் வந்து குனிந்து பார்க்கலாம். மனைவி உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். வாசலுக்கு வந்த தபால்காரர் வழக்கத்தைவிடக் கையைக் கொஞ்சம் உயர்த்தி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளை மிதித்தார்.