பழைய அருவியில் விழும் பாட்டு

குற்றாலம் பழைய அருவியில் 2018 ஆனி மாதம், குளித்துக்கொண்டிருந்தவர்களின் தலையில் தண்ணீரோடு ஒரு பாட்டும் விழுந்தது. அன்றைக்கு மங்குஸ்தான் கிலோ முந்நூறு ரூபாய். கிட்டார், டிரம்ஸ், ஓர் இளைஞனின் குரல் எல்லாம் எண்ணெய் தேய்த்தவர்களுக்கும் தேய்க்காதவர்களுக்கும் பாரபட்சமில்லாமல் கேட்டன. சிப்ஸ் கடை சிவனணைந்தபெருமாள் குரலை உடனே அடையாளம் கண்டார். "நம்ம மேலகரத்து நாகராஜன் கம்பெனில்லா இது! மூணு வருசம் முந்தி இங்கனதான கத்திக்கிட்டுக் கிடந்தானுவ."

அந்தக் கம்பெனிக்கு ‘தி லாஸ்ட் தண்டர்’ என்று பெயர். ப்ளஸ் டூ முடித்த கையோடு நாகராஜன் ஆரம்பித்த ராக் இசைக்குழு. முதல் பாட்டுக்கு முன்பே டி-ஷர்ட் அடித்து, தங்கள் இசை ஒரு கலகம் என்று யூடியூப் சேனல் ஒன்றில் பேட்டியும் கொடுத்திருந்தான். பார்த்தவர்களில் பாதிப்பேர் அவன் சித்திகள். பாட்டும் கிட்டாரும் அவனே, கூடப் படித்த முப்பிடாதி டிரம்ஸ், ஜெபஸ்டின் பேஸ் கிட்டார். மொட்டைமாடியில் முதல் நாள் வாசித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் துண்டோடு வந்து, "ஏலே, வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?" என்று விசாரித்தார். கலகம் அன்றே இடம் மாறியது. பழைய அருவியை ஒட்டிய தோப்பில் முப்பிடாதியின் மாமாவுக்கு ஒரு மோட்டார் ரூம் இருந்தது. அருவியின் இரைச்சலில் யாரும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கே அவர்கள் வாசிப்பது கேட்காது. ஆளுக்கொரு பக்கம் தலையை ஆட்டிக்கொண்டு, அடுத்தவன் பிரமாதமாக வாசிக்கிறான் என்று நம்பிய அந்த ஒரு சீசன்தான் அந்தக் குழுவின் பொற்காலம்.

பங்குனியில் அருவி வற்றியது. முதன்முறையாகத் தங்கள் வாசிப்பைத் தாங்களே காதால் கேட்டார்கள். எதுவோ சேரவில்லை என்பது மூவருக்கும் தெரிந்தது. தலைவன் தாமதமின்றித் தீர்ப்புச் சொன்னான்.

"ஏலே முப்பிடாதி, நீதாம்லே பிந்துத."

"நான் பிந்தலலே. நீ ஓடுத."

ஜெபஸ்டினுக்கு உண்மை தெரியும். ஆனால் அவன் கையிலிருந்த பேஸ் கிட்டார் நாகராஜனுடையது. முப்பிடாதி குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். அடுத்த தேர்விலேயே போலீஸில் சேர்ந்தான். டிரம்ஸ் இல்லாத கலகம் ஒரு வளைகாப்புக் கச்சேரியோடு முடிந்தது. நாகராஜன் இப்போது குத்துக்கல்வலசையில் மனை விற்கிறான்.

பாட்டு விழுகிறது என்று கேள்விப்பட்டு அவனும் போய் அருவிக்கடியில் நின்றான். டிரம்ஸ் பிசகாமல் விழுந்தது. குரல்தான் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி அதற்கு முன்னால் ஓடியது. பக்கத்தில் குளித்தவர், அவன் யாரென்று தெரியாமல், "அடிக்கவன் நல்லா அடிக்கான். பாடுதவனுக்குத்தான் என்ன அவசரம்? வயித்தக் கலக்குதோ?" என்றார்.

அருவி வாங்கியதை மூன்று வருஷம் கழித்துத்தான் தரும், தர ஆரம்பித்தால் சீசன்தோறும் தரும் என்பது இன்று குற்றாலத்தில் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். 2022 சீசனில் அருவி டியூட்டிக்கு வந்த போலீஸ்காரன் முப்பிடாதி. நாகராஜன் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டு போனான். நேரில் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீருக்குள் போய் நின்று, தைரியம் வந்தபின் அங்கிருந்தே கத்தினான்: "முப்பிடாதி, நாந்தாம்லே ஓடினேன். நீ பிந்தலலே!" இரைச்சல் அதை விழுங்கியது. முப்பிடாதி விசிலை ஊதி, லத்தியால் வழி காட்டினான். "அண்ணாச்சி, குளிச்சது போதும். அடுத்த ஆளுக்கு விடுங்க." ஆறாம் வகுப்பிலிருந்து அவனை ‘லே’ போட்டே கூப்பிட்ட வாய் அது. நாகராஜன் நகர்ந்துகொண்டான்.

போன ஆனியில் அந்த வாக்கியம் விழுந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து வேனில் வந்த ஒருவரின் தலையில். "யாருலே அது ஓடினது?" என்று அவர் அண்ணாந்து பார்த்தார். முப்பிடாதி தை மாதமே ஓசூருக்கு மாற்றலாகியிருந்தான். அவன் இடத்தில் நின்ற புதுப் போலீஸ்காரர் விசில் ஊதினார். வாசுதேவநல்லூர்க்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிடப் போனார்.