புளி பூசிய கை

மடியில் கிடத்தியவுடனே மகிழினி முதுகை வளைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். காவியா ஒரு கையால் மாராப்பை விலக்கி, மறு கையால் குழந்தையின் தலையைத் தாங்கி நெஞ்சோடு சேர்த்தாள். குழந்தை உதட்டை இறுக்கி மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பிறகு தொண்டை கிழிய அழுதது. போன வாரம் வரை, வந்திருப்பவர் யார், எந்த ஊர் என்றெல்லாம் பார்க்காமல் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்த பிள்ளை இது. பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், பொம்மிடி ஸ்டேஷன் பெஞ்சில், நினைத்த இடத்தில் கேட்டு வாங்கிக் குடித்தவள். இப்போது பூச்சாண்டியைக் கண்டதுபோல் பதறுகிறாள். கேழ்வரகுக் கூழைக் கிண்ணத்தில் காட்டினால் மட்டும் ஆவென்று வாயைத் திறக்கிறாள். பசி இல்லாமல் இல்லை. அம்மாவிடம்தான் வேண்டாம். அதைத்தான் காவியாவால் பொறுக்க முடியவில்லை.

எல்லாம் காது குத்திய நாளில் வந்த வினை. முனியப்பன் கோயிலில் மொட்டையடித்து, கிடா வெட்டி, சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது முறை. காவியாவின் தம்பி அருண்குமார் புது வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொன்னால் குழந்தையைவிட அவன்தான் அதிகம் பயந்திருந்தான். ஆசாரி முதல் காதில் குத்தியதும் மகிழினி போட்ட கூச்சலில் கோயில் மரத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின. இரண்டாவது காதை அவள் நெருங்கவே விடவில்லை. மாமன் கையைக் கடித்து, ஆசாரியின் கண்ணாடியைத் தட்டிவிட்டாள். பிரியாணி ஆறுகிறதே என்ற கவலை பந்திக்குக் காத்திருந்தவர்கள் முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் நாத்தனார் நிர்மலாதேவி ஒரு யோசனை சொன்னாள்.

"பாலக் குடுடி. குடிச்சிக்கிட்டு இருக்கறப்பவே குத்திட்டா அதுக்குத் தெரியாது."

எல்லோருக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. காவியாவுக்கும்தான். பிள்ளையை வாங்கி மடியில் போட்டு முந்தானையால் மூடினாள். விசும்பல் மெல்ல அடங்கியது. கண் சொருகி, நம்பி, குடிக்கத் தொடங்கியது குழந்தை. தலை அசையக் கூடாதென்று பின்மண்டையைக் காவியா உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி குத்தினார். வலியில் குழந்தை நறுக்கென்று கடித்தது, காவியா "ஐயோ" என்று அலறினாள். அலறலைக் கேட்டுக் குழந்தை இன்னும் மிரண்டது. அதற்குப் பிறகு அது பால் குடிக்கவே இல்லை.

துணை சுகாதார நிலையத்து நர்ஸ் காதைப் பார்த்தார், வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். புண் இல்லை, காய்ச்சல் இல்லை. "பயந்திருக்குதும்மா. வாயில வெச்சு அமுக்காதீங்க. பீய்ச்சி டம்ளர்ல குடுங்க, அப்பதான் பால் வத்தாம இருக்கும். திரும்ப வந்தாலும் வரும், வராமயும் போவும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் காவியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பீய்ச்சுவது சொல்லுகிறபடி எளிதல்ல. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பீய்ச்சினாள். டம்ளரில் கொடுத்தால் பாதி வயிற்றுக்குள் போகும், பாதி சட்டையில் வழியும். மிச்சத்தைக் கால்படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும் என்பதால் கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். புருஷன் முனிராஜ் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் முருங்க நல்லாக் காய்க்கும் போல" என்றான். அவள் சிரித்தாள். சிரித்த சிரிப்பிலேயே கண்ணீரும் வந்துவிட்டது. முனிராஜ் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து நின்றான்.

"பவுடர் பால் வாங்கியாரட்டுமா புள்ள? எதுக்கு ஒடம்ப இப்பிடி வதைச்சிக்கற?"

"வேணாம் மாமா. கொஞ்சம் பொறுங்க. நான் பாத்துக்கறேன்."

முனிராஜ் ஊருக்குள் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுப்பவன். பங்குனி முழுக்க அவர்கள் வாசலில் புளி மலையாகக் குவிந்திருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சின்ன இரும்புத் தடியால் தட்டிக் கொட்டையை எடுப்பார்கள். அடுத்த வீட்டிலிருந்து நிர்மலாதேவியும் வந்துவிடுவாள். தடி ஓயாமல் தட்டும், வாயும் அதற்குச் சளைக்காது. இந்த வருஷம் பேச்சுக்கு மகிழினி கிடைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"பொட்டப் புள்ளைக்குப் பத்து மாசம் போதாதாடி? தானா மறந்துடுச்சு, வுடு. நானெல்லாம் வேப்பெண்ண தடவித்தான் மறக்க வெச்சேன். ஒனக்கு அந்த வேலயும் மிச்சம்" என்றாள் நிர்மலாதேவி.

"அது மறக்கலைங்க அண்ணி. பயந்துக்கிட்டு இருக்குது."

"எதுவா இருந்தா என்னா? சூடு கண்ட பூன அடுப்பங்கர சேராது."

"நம்ம வூட்டுப் பூன வெந்நீர் அடுப்பு சாம்பலுக்குள்ளயேதான் படுத்துக் கெடக்குது. போய்ப் பாருங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நிர்மலாதேவிக்கு முகம் சுருங்கியது. கெட்டவள் இல்லை. தன் யோசனையால் வந்த வம்பு என்பது அவளுக்கும் உறுத்தியது. மறந்துவிட்டது என்று முடித்துவிட்டால் அந்த உறுத்தலும் முடிந்துவிடும், அவ்வளவுதான்.

ஆனால் காவியா அப்படி முடிக்கத் தயாராக இல்லை. மறப்பது வேறு, பயந்து ஓடுவது வேறு. என்றைக்காவது மறக்கத்தான் போகிறாள். விளையாட்டு மும்முரத்தில் ஒரு நாள் கேட்க மறந்து, மறுநாளும் மறந்து, அப்படியே விட்டுப் போகட்டும். அதற்குக் காவியா அழ மாட்டாள். அம்மா மடியில் கண்ணை மூடினால் ஊசி வரும் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை விலகிப் போவதா? அவளால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தூக்கக் கலக்கத்தில் கொடுத்துப் பார்த்தாள். குளிக்கவைக்கும்போது பார்த்தாள். தோளில் போட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து, பாடி, ஆட்டி, அப்படியே மெல்ல இறக்கிப் பார்த்தாள். தோளில் இருக்கும்வரை மகிழினி கழுத்தில் முகம் புதைத்துக் கொஞ்சுவாள். மார்புக்கு வந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். அடம் யாரிடமிருந்து வந்தது என்று முனிராஜ் கேட்டபோது, "எங்கிட்ட இருந்துதான், அதனாலதான் நானும் வுடல" என்றாள்.

ஒரு நாள் சாயங்காலம், கொட்டை எடுத்த புளியை உருண்டையாக அமுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை பிசுபிசுவென்று புளி. மகிழினி தவழ்ந்து வந்து தொடையில் ஏறினாள். புளிக்கையால் பிள்ளையைத் தொடக் கூடாதே என்று காவியா கைகளை இரண்டு பக்கமும் விலக்கித் தூக்கிக்கொண்டாள். குழந்தை நெஞ்சில் சாய்ந்தது. மூக்கால் மோந்து பார்த்தது. துணிக்கு மேலேயே ஒரு தரம் வாயை வைத்தது. காவியா அவசரமாகக் கையைச் சாக்கில் துடைத்து, தலையைப் பிடித்து அணைக்கப் போனாள். உள்ளங்கை பின்மண்டையில் பட்டதுதான் தாமதம், குழந்தை வீரிட்டு அலறி, தொடையிலிருந்து சரிந்து, புளிக்குவியல் பக்கமாகத் தவழ்ந்து ஓடியது.

காவியா தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலில் குற்றமில்லை, மடியிலும் இல்லை. இந்தக் கைதான். பால் கொடுக்கும்போதெல்லாம் தாங்குகிறேன் என்று அவள் வைத்த கை, அன்றைக்கு ஆசாரிக்காகப் பிடித்துக்கொடுத்த அதே கை. பிள்ளைக்கு எப்படித் தெரியும், இது எந்தக் கை என்று? ஆனாலும் பிடி கிடைத்துவிட்டது என்ற தெம்பு வந்தது.

மறுநாள் முனிராஜ் மரம் உலுக்க ஆட்களோடு கிளம்பிப் போனதும், முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு சாக்கில் வந்து உட்கார்ந்தாள். வாசலில் பெண்கள் மட்டும்தான். ஜிப்பைத் தளர்த்தி, மேலே துண்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு புளியை அள்ளி, மருதாணி வைப்பதுபோல் இரண்டு உள்ளங்கையிலும் அப்பிக்கொண்டாள்.

"என்னாடி கூத்து இது?" என்றாள் நிர்மலாதேவி.

"கையக் கட்டிப் போட்டிருக்கறேங்க அண்ணி. இல்லன்னா சும்மா இருக்க மாட்டேங்குது."

நிர்மலாதேவிக்குப் புரிந்ததோ இல்லையோ, தடியை எடுத்துக்கொண்டாள். தட்டத் தொடங்கினாள். மகிழினி வெகுநேரம் வரவில்லை. புளியங்கொட்டையை வாயில் போடப் பார்த்து அதட்டு வாங்கினாள். காலி டப்பாவை உருட்டினாள். காவியா கூப்பிடவும் இல்லை. கூப்பிட நா துடித்தது, அடக்கிக்கொண்டாள். வெயில் வேப்பமர நிழலைச் சுருக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் டப்பா சலித்துப்போய், பிள்ளை தவழ்ந்து வந்து தொடையில் ஏறியது.

ஏறியதும் முதலில் அம்மாவின் வலது கையைப் பார்த்தது. அது விலகி, தூரத்தில் தூக்கியபடி இருந்தது. திரும்பி இடது கையைப் பார்த்தது. அதுவும் அப்படியே. தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. காதுகள் இரண்டும் எதிலும் படாமல், தோடு வெயிலில் மினுங்க, நின்ற நிலையிலேயே துண்டை இழுத்துப் போட்டுவிட்டு முகத்தைக் கொண்டு வந்தது. வாய் பட்டது. உடனே விட்டுவிட்டு அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. காவியா அலறவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி வாயை வைத்தபோது பக்கத்தில் தடி ஒன்று கல்லில் டொக்கென்று விழுந்தது. குழந்தையின் தோள் திடுக்கிட்டுக் குலுங்கியது. நிர்மலாதேவி கண்ணை உருட்டி மற்றவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு தடியாக நின்றது. அடிக்க ஓங்கிய தன் தடியை மட்டும் கீழே வைக்கக்கூட அவளுக்குத் துணிவில்லை. அப்படியே தூக்கிப் பிடித்தபடி இருந்தாள், கை கடுக்கத் தொடங்கிய பிறகும்.

குழந்தை விழுங்கும் ஓசை மட்டும் கேட்டது, விட்டு விட்டு. மொட்டைத் தலையில் புதுசாக முளைத்த பூமயிர் காவியாவின் தாடைக்குக் கீழே இருந்தது. அதைத் தடவ வேண்டும் என்று கைகள் துடித்தன. அவள் அவற்றைக் கீழே இறக்கவில்லை. புளி காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஈ ஒன்று வந்து கட்டைவிரலில் உட்கார்ந்தது. அதையும் அவள் ஓட்டவில்லை.