ரூடிக்கு விழுந்த கைதட்டல்

நாற்காலிகளை நாங்கள் நூல் பிடித்துத்தான் அடுக்குவோம். சான்பிரான்சிஸ்கோ ஓட்டலின் பெரிய மண்டபத்தில் இருநூற்றைம்பது நாற்காலிகள், ஒன்றுகூட அரை அங்குலம் விலகாது. வாசலிலேயே எல்லாருடைய கைக்கடிகாரத்தையும் காகித உறையில் வாங்கிக்கொள்வேன். இடைவேளை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை கதவு பூட்டியிருக்கும், வெளியே போகக் கூடாது, உள்ளே எதுவும் தின்னக் கூடாது. 1976-இல் ‘டேலைட்’ என்ற தன்னம்பிக்கைப் பயிற்சி அப்படித்தான் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, சம்பளமில்லாத தொண்டன், தரையில் கால் படாத சந்தோஷம்!

இதையெல்லாம் நடத்தியவர் டாக்டர் எலினோர் பிராட்டி. பதினோரு வருஷம் குழந்தை மருத்துவர். ஒரு சனி, ஞாயிறு பயிற்சிக்கு வந்தார், திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு ராஜினாமா எழுதினார். அப்போது அவர் துணைத் தலைவர், ஆறு ஊர்ப் பயிற்சிகள் அவர் கையில்.

“ஊசி போட்ட கை இப்ப மைக் பிடிக்குதா?” என்று பழைய டாக்டர்கள் சீண்டுவார்கள்.

“உங்ககிட்ட வர்றவன் படுத்துக்கிறான், எங்ககிட்ட வர்றவன் எழுந்து நிக்கிறான்” என்பார் அவர்.

அன்று காலை நான் நூலை இழுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தலைவர் காலின் ஸ்ட்ராட்டுடன் அவருக்கு வாக்குவாதம்.

“பயிற்சியில சேர்ற படிவத்துல என்ன நோய் இருக்குன்னு ஒரு கேள்வி கேட்போம், காலின். ஒரே ஒரு வரி.”

“எழுதிட்டா அப்புறம் நோயாளியாவேதான் உக்காருவான், நடுவுல வெளிய போகணும்பான். எலினோர், பாதியில கதவு திறந்துச்சுன்னா, அன்னிக்கே உங்க நாற்காலி காலி.”

டாக்டர் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். கதவைப் பூட்டும் விதியைத் தட்டச்சு செய்ததே அவர்தான்.

மதியம் ஆகியிருக்க வேண்டும். ஐந்தாவது வரிசையில் ஒரு மனிதர் எழுந்தார். தரையில் ஓடு பதிக்கும் ரூடி பாச்செக். கை நடுங்கியது, சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

“எனக்கு... வெளிய போகணும்” என்றார். நாக்கு குழறியது.

மேடையில் காலின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா! நாப்பது வருஷமா ஓடிட்டிருக்கிற ஆள், இப்ப உடையுறாரு! நில்லுங்க ரூடி, ஓடாதீங்க!”

எங்கள் வழக்கப்படி யார் எழுந்து என்ன சொன்னாலும் கைதட்ட வேண்டும். மண்டபமே தட்டியது. ரூடி தள்ளாடினார், இன்னும் பலமாகத் தட்டினோம். கதவருகே நின்ற நான்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினேன்.

“நிறுத்துங்கப்பா!”

டாக்டர் நடுவழியில் ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் அழகான வரிசையில் நான்கு நாற்காலிகள் சரிந்தன.

“ரூடி, சர்க்கரைக்கு ஊசி போடுறீங்களா?”

அவர் தலையாட்டினார்.

“சாப்பிட்டீங்களா?”

“காலைல... ஊசி மட்டும்...”

டாக்டர் என்னைப் பார்த்தார். “டேய் டாமி, இவருக்குச் சர்க்கரை இறங்கிப்போச்சு, கதவைத் திற! பார்ல ஆரஞ்சு ஜூஸ் வாங்கிட்டு ஓடி வா!”

“எலினோர்!” என்றார் காலின். “அந்தக் கதவு திறந்தா...”

“என் நாற்காலி காலி, தெரியும். டாமி, இன்னும் நிக்கிறியா?”

திறந்தேன். வெயில் மண்டபத்துக்குள் பாய்ந்தது. நான் ஓடிய ஓட்டத்தில் பாதி ஜூஸ் என் சட்டையில்தான் சிந்தியது. மீதியை டாக்டர் மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தார். பிறகு இன்னொரு டம்ளர்.

கால் மணி நேரத்தில் ரூடியின் கண் தெளிந்தது. சுற்றிலும் பார்த்தார்.

“கேக்கவே கூச்சமா இருக்கு. எதுக்குங்க அவ்வளவு பலமா கை தட்டினீங்க?”

வெடித்தது சிரிப்பு. டாக்டர் மைக்கை எடுத்தார்.

“தப்பு என்னுது. இந்த விதியை எழுதினது நான். டாக்டரா இருந்தும் வாயை மூடிட்டு இருந்தேன். இனிமே கதவைப் பூட்ட மாட்டோம். படிவத்துல அந்தக் கேள்வி வரும். காலின், இது வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, என் கோட்டை மாட்டிட்டுக் கிளம்புறேன்.”

முதலில் எழுந்தது ரூடி. “அவங்க கிளம்பினா நானும் கிளம்புறேன்.” பிறகு அவர் வரிசை. பிறகு இருநூற்றைம்பது பேரும்.

காலின் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார். “உக்காருங்க எலினோர்” என்றார் மெதுவாக. “உங்க நாற்காலி அங்கதான் இருக்கு.”

அடுத்த வாரம் நூல் பிடிக்கும்போது டாக்டர் வந்து நின்றார்.

“டாமி, கதவு வரைக்கும் அகலமா வழி விடு. அந்த மூலையில ஒரு மேஜை போடு.”

“மேஜை எதுக்கு டாக்டர்?”

“ஜூஸ் வைக்க. இந்தத் தடவை சட்டைக்கு ஊத்தாம கொண்டுவா.”