ஸ்டாப்பர் இல்லாத கான்டெஸா

சந்தைக்கு மறுநாள் காலையில் வேலந்தாவளம் சந்திப்பு கால்வட்டம் திரும்பிக்கொண்டது. கிழக்கே பார்த்திருந்த கடைகள் தெற்கே பார்த்தன. தெற்கே பார்த்திருந்தவை மேற்கே பார்த்தன. அன்று தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய், புண்ணாக்கு விலையில் மாற்றமில்லை. டீக்கடையில் நிழலில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் வெயிலடித்தது; கிளாஸோடு எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்கள். மாநில எல்லையில் இருந்த ஒரு கோழிக்கடை கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது. கோழிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதெல்லாம் எதனால் என்று யாரும் விசாரிக்கவில்லை, ஏனென்றால் நடுரோட்டில் பெரியமுத்துவின் கான்டெஸா கார் புகைந்துகொண்டு நின்றது.

பெரியமுத்து அந்தச் சந்திப்பிலேயே டிராக்டரும் டெம்போவும் பழுது பார்க்கிற மெக்கானிக். காரைக் குறுக்காட்டி வழுக்கிக்கொண்டு ஓட்டும் டிரிஃப்ட் வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து அவன் புத்தியும் அந்தப் பக்கமாகவே சறுக்கிப் போயிற்று. பின்பக்கம் வழுக்கும்போது முன்சக்கரங்கள் எதிர்ப்பக்கம் நன்றாக ஒடிய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி சுற்றிப்போய் வேலியில் நிற்கும். கம்பெனி கொடுத்த ஒடிப்பு காய்கறி வாங்கிவரத்தான் காணும். அதனால் சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளின் கையை அறுத்துக் குட்டையாக்கிப் பற்றவைத்தான். கீழ் ஆர்மை நீட்டிச் சக்கரத்தை வெளியே தள்ளினான். ஸ்டீயரிங்கோடு சக்கரத்தை இணைக்கிற டை ராடை நீளமாக்கினான். டயர் உரசிய இடத்தில் தகரத்தை வெட்டி எறிந்தான். அப்புறமும் ஆசை அடங்கவில்லை. இதற்கு மேல் திரும்பாதே என்று சக்கரத்தைத் தடுப்பதற்கென்றே ஸ்டாப்பர் என்று சின்ன போல்ட் ஒன்று இருக்கிறது. பாவம், அது ஒன்றுதான் அந்த வண்டியில் புத்தியோடு இருந்தது. அதையும் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டான்.

இத்தனைக்கும் அவன் மனைவி ஞானஜோதி கோபப்பட்டதில்லை. ஸ்பானர் கேட்டால் சரியான அளவில் எடுத்துக் கொடுப்பாள். அவளுக்குக் கோபம் வந்தது அந்தச் சந்தைக்கு மறுநாள், மகள் நிமியின் காதுகுத்து அன்றைக்குத்தான். தாய்மாமன் மடியில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் வராமல் ஆசாரி ஊசியைத் தொட மாட்டார். ஆனைகட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் தம்பி சந்துருவைக் கூட்டிவர ஆட்டோ போதும் என்றாள். மாமனுக்கு மரியாதை வேண்டாமா என்று பெரியமுத்து கான்டெஸாவை எடுத்தான்.

சந்துரு சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். சந்திப்பில் கொஞ்சம் பந்தா காட்டலாம் என்று பெரியமுத்து ஸ்டீயரிங்கை ஒடித்தான். அது திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. வண்டி வட்டமடிக்க, சந்திப்பும் மெல்ல நகர ஆரம்பித்தது. வாழைப்பழமும் வெற்றிலையும் ஜன்னல் வழியாகப் பறந்தன. சந்துரு காலையில் சாப்பிட்ட இட்லியும் அதே வழியில் போயிற்று. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலிருந்த அவன் வீட்டில் ஆசாரி கிழக்குப் பார்த்துப் பலகையைப் போட்டார், கிழக்கு நழுவியது. திருப்பிப் போட்டார், மறுபடி நழுவியது. பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றபோது நல்ல நேரமும் தீர்ந்து ராகு காலம் தொடங்கியிருந்தது.

ஞானஜோதி பையை எடுத்துக்கொண்டு, பிள்ளையோடும் வாடிப்போன தம்பியோடும் ஆனைகட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உங்க வண்டி எங்கூட்டு வாசலுக்கு நேரா வந்து நிக்கட்டுமுங்க. அன்னைக்குப் புள்ளைக்குக் காது குத்திக்கலாம். அதுவரைக்கும் நாங்க அங்கயே இருந்துக்கறோம்."

நேராகப் போய் நிற்பது, அந்த வண்டியால் முடியாத காரியம் அது ஒன்றுதான். ஸ்டாப்பரைத் திரும்பப் பற்றவைத்தான். சக்கரம் அதைத் தாண்டித் திரும்பியது. லாரியில் ஏற்றிப் பார்த்தான், லாரியும் வட்டமடித்தது. இதற்கிடையில் ஊர்க்காரர்கள் வந்து நச்சரிக்கத் தொடங்கினார்கள். தெற்குப் பார்த்த வாசலால் பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று ஒருவர், மாட்டுக் கொட்டகைக்கு மேல்காற்று வேண்டும் என்று இன்னொருவர். வண்டியில் உட்கார்ந்து அவர்கள் கேட்ட பக்கமாகத் திருப்பிக் கொடுத்தான். ஊருக்கெல்லாம் திசை அமைந்தது, அவன் வீட்டில் மட்டும் அடுப்பு எரியவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் பஸ்ஸிலேயே ஆனைகட்டிக்குப் போனான். ஞானஜோதி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள்.

"வண்டி எங்கீங்க?" என்றாள்.

பெரியமுத்து சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். நிமி கதவோரம் நின்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். வெறுங்காதோடு சிரித்தாள். பஸ் ஏறும்வரை பெரியமுத்து அழுகையை அடக்கிக்கொண்டான். ஏறிய பிறகு அடக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் நகர்ந்துபோய்விட்டார்.

கோயமுத்தூரில் டிரிஃப்ட் போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெயர் கொடுத்திருந்தும் அவன் போகவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் கான்டெஸாவில் ஏறி உட்கார்ந்தான். வண்டி எங்கும் போகாது, ஊர்தான் வரும் என்பது இவ்வளவு நாள் கழித்து அவன் மண்டைக்கு ஏறியது. இஞ்சினைப் போட்டு, கியர் போடாமல், பந்தா எதுவும் இல்லாமல் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பினான். டீக்கடை நகர்ந்தது. சந்தையில் மாட்டை நடத்திக் காட்டுவதுபோல ஊர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு முன்னால் வந்து போயின. கொழிஞ்சாம்பாறை போயிற்று, பாலக்காட்டுக் கோட்டை போயிற்று, மலம்புழைத் தண்ணீர் தளும்பாமல் போயிற்று. அட்டப்பாடி மலைகள் திரும்பிச் சென்ற பிறகு பச்சை வர்ணம் அடித்த கதவு ஒன்று பானட்டுக்கு எதிரே வந்தது. இஞ்சினை அணைத்தான்.

ஞானஜோதி தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். எதிரே ஒர்க்‌ஷாப்பையும் டீக்கடையையும் பார்த்தாள்.

"வண்டி வரலீங்களே. எங்க ஊடுதானுங்களே வந்துருக்குது" என்றாள்.

"நேரா நிக்குதா, அத மட்டும் பாரு புள்ள."

மெக்கானிக் பெண்டாட்டியல்லவா, வாயால் சொன்னதை நம்பவில்லை. வாசற்படியில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படியிலிருந்து பானட் நடுக்கோடு வரைக்கும் பார்த்தாள். ஒரு நூல் பிசகில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆசாரிக்குச் சொல்லி அனுப்பச் சொன்னாள்.

அந்த வாசலிலேயே காது குத்தினார்கள். பெரியமுத்து வண்டியிலிருந்து இறங்கித் தள்ளி நின்ற பிறகுதான் சந்துரு உட்கார்ந்து மடியைக் கொடுத்தான். நிமி வீறிட்டு அழுதாள். அவளைவிடச் சத்தமாக அழுதது அவள் அப்பன்.

ஆனைகட்டியில் அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது பஸ் திருப்புகிறார்கள். வீட்டைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று அவன் கேட்டதற்கு ஞானஜோதி கார்ச் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மாமியாருக்கு வேலந்தாவளம் தண்ணீர்தான் கொஞ்சம் உப்பாகத் தெரிகிறது, மற்றபடி குறையில்லை. காலையில் பச்சைக் கதவைத் திறந்ததும், டிராக்டருக்கு அடியில் படுத்திருக்கும் மருமகனிடம் சாப்பிட்டாச்சுங்களா மாப்ள என்று கேட்கிறார். சொந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் பெரியமுத்து இன்னும் இல்லீங்க என்கிறான்.