சுலாஸி சுற்றிய காயில்

எங்கள் பிளித்தார் பக்கத்தில் ஆகஸ்ட் சுதந்திர தின ஊர்வலம் என்றால் ஓட்டுக்கூரை அதிர வேண்டும். அதிரவில்லையா, அது சவ ஊர்வலம். மூன்று வருடமாக அந்தச் சத்தத்துக்கு அடுத்த ஊர் ஹார்த்தோயோவின் ஸ்பீக்கர் லாரியைத்தான் கெஞ்சிக் கூட்டி வருகிறோம். வந்து நின்று அவன் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வருடம் பொறுக்க முடியாமல் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்: "நெஞ்ச அதிர வைக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கர நாங்களே செய்யிறோம்!"

எனக்கென்ன தெரியாதா? பதினோரு வருடமாகத் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன். என் வீட்டுக்காரர் காஸிரான் பழைய இரும்புக் கடையில் காந்தம் பொறுக்கி வந்தார், காகிதக் கூழில் கூம்பு வார்த்தார். காயில் நான் சுற்றினேன். பதினெட்டு அங்குலத்தில் இரண்டு ஸ்பீக்கர், ஒரே பெட்டி.

கமிட்டித் தலைவர் பாக் முஜியாத் (பெரியவர்களை நாங்கள் 'பாக்' என்போம்) கறாராகச் சொன்னார். "ஞாயித்துக்கெழம காலைல பத்து மணி. என் காப்பி தளும்பணும். தளும்பலைன்னா ஹார்த்தோயோவத்தான் கூப்பிடுவேன். அப்புறம் நீ கூட்டத்துல வாயத் தொறக்கக் கூடாது, சுலாஸி தங்கச்சி."

ஞாயிற்றுக்கிழமை ஊரே எங்கள் முற்றத்தில். பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு, காப்பிக் கிளாஸை வைத்தாயிற்று. பக்கத்து வீட்டுப் பையன் தோயிப் ஆம்ப்ளிஃபையர் குமிழைத் திருகினான். கூம்பு இரண்டும் குதித்தன. பாடுகிறவள் குரல் வீல் என்று எழும்பியது. அதற்கு அடியில் தும் என்கிற அதிர்வு ஒன்றுமே இல்லை. காப்பி அசையவில்லை.

"கொசு கல்யாணமா காஸிரான்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கொல்லென்று சிரிப்பு. காஸிரான் முகம் செத்துப் போயிற்று. பாக் முஜியாத் போனை எடுத்து ஹார்த்தோயோவின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க பாக்! அஞ்சு நிமிசம்!"

ஒயர்களைப் பிடுங்கினேன். டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியை உருவி முதல் ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டேன். கூம்பு வெளியே வந்தது. இரண்டாவதில் அதே மாதிரி தொட்டேன். கூம்பு உள்ளே போயிற்று.

"அடக் கடவுளே! ஒண்ணு தள்ளுற காத்த இன்னொண்ணு முழுங்குதே!" என்று கத்தினேன்.

"அது எப்படி?" என்றார் காஸிரான். "ரெண்டையும் சுத்துனது ஒரே கைதானே?"

எப்படி என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சொல்லாமல் எங்கே போவது?

"ரெண்டாவத நான் எந்தப் பக்கம் உக்காந்து சுத்துனேன்?"

"எதிர்ப்பக்கம். எம் மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு ஸ்டூலத் தூக்கிட்டுப் போனியே."

"ஆமா! என் சோத்துப் பானைல காகிதக் கூழ் காய்ச்சுனா மூஞ்சியப் பாத்துக் கொஞ்சுவாங்களாக்கும்? நான் எப்பவும் சுத்துற மிசின் கைப்பிடிய எம் பக்கமா இழுத்துத்தான் சுத்துவேன். எதிர்ப்பக்கம் உக்காந்தா காயில் தலைகீழாத்தானே வரும்!"

முற்றம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தோயிப் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "புருசன் பொண்டாட்டி சண்டை ஸ்பீக்கருக்குள்ள போயிருச்சுடோய்!" காஸிரானுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டாவது ஸ்பீக்கரின் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி முறுக்கினார். "போடுறா!" என்று நான் கத்தினேன்.

தும்.

அது காதில் விழவில்லை, நேரே நெஞ்சில் வந்து விழுந்தது. அடுத்த அடியில் முக்காலி நகர்ந்தது. காப்பி தளும்பவில்லை, கிளாஸோடு கீழே போயிற்று. கூரையிலிருந்து ஓடு ஒன்று சரிந்து உடைந்தது, எங்கள் வீட்டு ஓடுதான், போகட்டும்! பெண்கள் கும்பலாக ஆடத் தொடங்கினார்கள். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

பாக் முஜியாத் காப்பி பட்டு நனைந்த லுங்கியோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஹார்த்தோயோ! இந்த வருசம் நீ வர வேண்டாம்! ஏய், வர வேண்டாம்கிறேன்!" அந்தப் பக்கம் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. மூன்று தரம் கத்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, போனைக் கொண்டுபோய்க் கூம்புக்கு நேராகப் பிடித்தார்.